குவார்ட்டர்ஸ் கட்ட எந்த வழி: பழைய லம்ப்சம்மா, இ.பி.சி.யா?

அக்கா மகன் போன வாரம் ஒரு டெண்டர் கட்டோடு வீட்டுக்கு வந்தான். கட்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன், இப்போதெல்லாம் பென் டிரைவ்தான். ராணுவக் குடியிருப்பு வேலை, இ.பி.சி. முறை. அதாவது வரைபடமும் நாமே போட்டு, சாமானும் நாமே வாங்கி, கட்டி முடித்துச் சாவியை நீட்ட வேண்டும். ஒரு பெரிய கம்பெனி கூட்டுச் சேரக் கூப்பிடுகிறது. “மாமா, இதுல இறங்கலாமா? இல்ல எப்பவும்போல லம்ப்சம் வேலையே பார்த்துக்கிட்டு இருக்கலாமா?” என்று கேட்டான். லம்ப்சம் என்றால் அவர்கள் தரும் வரைபடத்துக்கு மொத்த விலை போட்டுக் கட்டுவது.

அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் போய்விட்டது. காரணம், கேள்வி ஒன்றில்லை, இரண்டு. இந்தக் கட்டடத்துக்கு எந்த முறை நல்லது என்பது ஒன்று. அந்த முறையில் நம்மைப்போன்ற சின்ன கான்ட்ராக்டருக்கு இடம் உண்டா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

பெங்களூர் அல்சூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. கண்டோன்மென்ட் வந்தபோது அதன் பின்னாலேயே வந்தவர்கள்தான் நம் ஆட்களில் பாதிப்பேர். கப்பன் பூங்கா ஓரத்தில் சிவப்பாக நிற்கிற அட்டாரா கச்சேரி, இன்றைய உயர் நீதிமன்றம், ஆற்காடு நாராயணசாமி முதலியார் எடுத்து 1868-ல் முடித்துக் கொடுத்த வேலை. ஏரிக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780-ல் திரட்டிய படை, ஊரே ‘தம்பி’ என்று கூப்பிடுகிற படை. எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டுக்காரர் எம்.இ.எஸ். கான்ட்ராக்டர், நான் அவருக்கு அளவு எடுக்கிறவன். ராணுவப் பொறியியல் சேவை என்கிற எம்.இ.எஸ். 1923-ல் தொடங்கியது. நாட்டில் படைகளின் கட்டடம், தண்ணீர், கரண்ட் எல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்பு. அதன் காகித வழிகள் எனக்கு மனப்பாடம். அதுவே சில சமயம் பிரச்சினை, பழகிய வழிதான் நல்ல வழி என்று தோன்றிவிடும்.

சரி, பழைய வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

லம்ப்சம்: வரைபடம் அவர்களுடையது, கணக்கு நம்முடையது

யூனிட்டுக்கு வீடு வேண்டும் என்றால் முதலில் அதிகாரிகள் போர்டு உட்காரும். தேவை உண்மைதான் என்று ஏற்பு ஆக வேண்டும். பிறகு உத்தேச மதிப்பீடு, நிர்வாக அனுமதி, அதன் பிறகு வரைபடம், டெண்டர். டெண்டரில் வரைபடமும் தர விவரக் குறிப்பும் இருக்கும், அளவுப் பட்டியல் இருக்காது. எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்பதை வரைபடத்தைப் பார்த்து நாமே எடுத்து, ஒரு பிளாக்குக்கு இவ்வளவு என்று மொத்த விலை எழுத வேண்டும். குறைந்த விலை எழுதியவருக்கு வேலை.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. விலை போடும் முன்பே முழுக் கட்டடத்தையும் காகிதத்தில் பார்த்துவிடுகிறோம். சிறிய ஆளும் போட்டியில் நிற்கலாம். ஆனால் விட்டது விட்டதுதான். ஒரு முறை மொட்டைமாடி ஓரத்துப் பாரபெட் சுவரின் உள்பக்கப் பூச்சை விட்டுவிட்டேன். வெளிப்பக்கம் எடுத்தேன், மேல் விளிம்பு எடுத்தேன், உள்பக்கம் கண்ணில் படவில்லை. ஆறு பிளாக். அந்த வருஷம் அக்காவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடையில் பொங்கல் கொண்டாடின.

இந்த முறையின் பெரிய நோய் அதுவல்ல. வரைகிறவரும் கட்டுகிறவரும் வாழ்நாளில் சந்திப்பதே இல்லை. நகரத்துக்கு வடக்கே ஒரு சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மாடி, காலை பத்து மணி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிளம்பர் ஒருவர் பீமின் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துவிட்டு, துளை போடும் கோர் கட்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். “சார், டிராயிங்ல பைப் இங்கதான் வருது. போட்டுடவா?” 110 மில்லிமீட்டர் கழிவுக் குழாய், நேராக பீமின் வயிற்றுக்குள். பிளம்பிங் வரைபடத்துக்கு பீம் இருப்பது தெரியாது. ஸ்ட்ரக்சர் வரைபடத்துக்குக் குழாய் இருப்பது தெரியாது. இரண்டும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜைகளில் போட்டவை.

வேலையை நிறுத்தினோம். கடிதம் மேலே போயிற்று, கேள்வியோடு கீழே வந்தது, பதிலோடு மறுபடி மேலே போயிற்று. குழாய்ப் பாதையை ஒன்றரை அடி நகர்த்தச் சொல்லி உத்தரவு வர பதினோரு வாரம். பதினோரு வாரமும் சென்ட்ரிங் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போன கொத்தனார்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. அந்தச் சாக்பீஸ் வட்டம் இன்னும் பூச்சுக்கு அடியில் இருக்கும்.

இன்றைக்கு அதே கட்டடத்தைப் பி.ஐ.எம். மென்பொருளில் முப்பரிமாணமாக வரைந்தால் இந்த மோதல் முதல் நாளே சிவப்பாகக் காட்டிவிடும். லம்ப்சம் முறையிலேயே இருந்துகொண்டு இதை மட்டும் செய்தாலே பாதி நோய் தீரும் என்பது என் கட்சி. முறையை மாற்றாமல் கருவியை மாற்றுவது ஏனோ யாருக்கும் பெரிய சீர்திருத்தமாகத் தெரிவதில்லை.

இ.பி.சி.: எல்லாம் ஒரே பையில்

இங்கே துறை வரைபடம் தராது. ‘இத்தனை வீடு, இந்த அளவு, இந்தத் தரம்’ என்று தேவைப் பட்டியல் தரும். வடிவமைப்பு கான்ட்ராக்டருடையது, வழக்கமாக ஒரு ஐ.ஐ.டி. அல்லது என்.ஐ.டி. சரிபார்த்துத் தர வேண்டும். பணம் அளவெடுத்து வராது, கட்டம் கட்டமாக வரும். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு.

பீமும் குழாயும் மோதினால் கடிதம் எழுத ஆளில்லை, நம் டிசைனருக்குப் போன் போட்டுத் திட்டினால் போதும். இதுதான் இ.பி.சி.யின் முழு ஆதாயமும். அஸ்திவாரம் தோண்டும்போதே மேல்மாடி வரைபடம் நடந்துகொண்டிருக்கலாம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் பென்டகனை 1941 செப்டம்பரில் தொடங்கி 1943 ஜனவரியில் முடித்தார்கள், பதினாறு மாதம். ஒரு பக்கம் வரைந்துகொண்டிருக்க, மறுபக்கம் கான்கிரீட் விழுந்தது. செலவு முதல் மதிப்பீட்டை எங்கோ தாண்டிப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த முறை ஒரு விஷயத்தை எதிர்பார்க்கிறது: கேட்கிறவர் ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ராணுவத்தில் அது லேசில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா சொல்வார்: “கமாண்டிங் ஆபீசர் மாறினா கிச்சன் திரும்பும்.” இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருவர் மாறுகிறார், கட்டடம் போர்டிலிருந்து சாவி வரை அதைவிட அதிகம் எடுக்கிறது. முதல் அதிகாரி கேட்ட பூஜை அறையை இரண்டாமவர் ஸ்டோர் ஆக்கச் சொல்வார். லம்ப்சம்மில் இதற்கு ஒரு வழி உண்டு: மாற்ற உத்தரவு போடுவார்கள், எம்.இ.எஸ்.ஸின் விலைப் புத்தகத்தைப் பார்த்து விலை நிர்ணயம் ஆகும். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். இ.பி.சி.யில் அதே மாற்றம் சண்டையாகிறது. ‘இது முதலிலேயே உங்கள் பொறுப்பில் இருந்தது’ என்று அவர்கள், ‘பட்டியலில் இல்லை’ என்று நாம்.

சண்டை வந்தால் எங்கே போவது? நிதி அமைச்சகம் 2024 ஜூனில் விட்ட வழிகாட்டுதலின்படி, அரசு ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு முறை பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும். அதற்கு மேல் என்றால் சமரசம், இல்லையேல் நீதிமன்றம். லம்ப்சம்மில் நம் தகராறு எப்போதும் சில லட்சங்களில்தான் இருக்கும். இ.பி.சி. பெரிய மொத்தம், தகராறும் அதற்கேற்ற உடம்போடு வரும். கூட்டில் சேர்ந்தால் ‘கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு’ என்ற வரியில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பெரியவர் கை கழுவினால் சின்னவர் வீடு போகும்.

அந்த 45 நாள்

இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் கட்டாயம் அந்த ஏழு மாடியை இழுப்பார்கள். பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஏ.டி.இ. ஆய்வகத்து வளாகத்தில், போர் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு வேலைகளுக்காக, 1.3 லட்சம் சதுர அடியில் ஏழு மாடிக் கட்டடத்தை 45 நாளில் எழுப்பினார்கள். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2022 மார்ச் 17-ல் திறந்து வைத்தார். தூண்கள் உள்ளே வெற்றிடமான இரும்புப் பெட்டிகள், அதற்குள் கான்கிரீட். தளம் பாதி முன்கூட்டியே வார்த்தது, பாதி அங்கேயே ஊற்றியது. அதனால் பலகைகளுக்கு நடுவே கான்கிரீட் சேராத உலர்ந்த இணைப்பு இல்லை. நல்ல வேலை, மறுப்பதற்கில்லை.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். அடிக்கல் 2021 நவம்பர் 22-ல். கட்டுமானம் தொடங்கியது பிப்ரவரி 3-ல். இடையில் பத்து வாரம். வடிவமைப்புக்கும் சரிபார்ப்புக்கும் சென்னை ஐ.ஐ.டி.யும் ரூர்கி ஐ.ஐ.டி.யும் கை கொடுத்தன. இரும்பை அறுத்துத் துளை போட்டு லாரியில் ஏற்றிய பிறகு ‘இந்த அறையைக் கொஞ்சம் பெரிசாக்குங்க’ என்று யாரும் சொல்ல முடியாது. 45 நாளின் ரகசியம் இரும்பில் பாதி, அந்த வாய்ப்பூட்டில் பாதி.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் என்ற வீட்டுத் திட்டம், 1,152 வீடுகள், முன்வார்ப்புக் கான்கிரீட், அதாவது முன்பே அச்சில் வார்த்த துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்துவது. அடிக்கல் 2021 ஜனவரி 1, திறப்பு 2022 மே 26. கொரோனா இரண்டாம் அலையும் நடுவில் வந்தது. முன்வார்ப்பு என்றதும் மாதக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கிவிடுவதில்லை. ஆனாலும் 1,152 வீட்டுக்குப் பதினேழு மாதத்துக்குள் என்பது, பழைய குவார்ட்டர்ஸ் வேலைகளைப் பார்த்தவர்களுக்குப் பொறாமை தரும் கணக்கு.

முன்வார்ப்புக்கு அச்சு செய்கிற செலவு முதலில் விழும். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வீடு இருந்தால்தான் அது கரையும். இருபது வீட்டுக்கு முன்வார்ப்பு என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கிரைண்டர் வாங்குவது மாதிரி. நடுவழி ஒன்று உண்டு. பெங்களூரில் அபார்ட்மென்ட்காரர்கள் எல்லாரும் இறக்குகிற அலுமினிய ஷட்டரிங், நாம் ‘மைவான்’ என்று சொல்வது. சுவரையும் தளத்தையும் ஒரே ஊற்றில் முடிக்கலாம். ஸ்விட்ச் பெட்டி, குழாய், கம்பி எல்லாம் ஊற்றுவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். பிறகு சுவரைக் கொத்த முடியாது. எந்தக் கமாண்டிங் ஆபீசரிடமும் ‘முடியாது சார்’ என்று சொல்லத் துணிகிற ஒரே ஆள் அந்த அலுமினியப் பலகைதான்.

3டி பிரிண்டிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் ஏரியாவிலேயே, கேம்பிரிட்ஜ் லேஅவுட் தபால் நிலையம், ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், 43 நாளில் அச்சடித்து 2023 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். எம்.இ.எஸ்.ஸும் காந்திநகர், அகமதாபாத்தில் ஓரிரு வீடுகளை இப்படிக் கட்டியது. ஆள் கிடைக்காத உயரத்தில் பதுங்கு குழி போட இது கைகொடுக்கும். நான்கு மாடிக் குவார்ட்டர்ஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வாடகைக்கு எடுப்பது

அக்கா மகன் இன்னொன்றும் கேட்டான். தனியார் கட்டட்டும், ராணுவம் வாடகை கொடுக்கட்டும், ஏன் கூடாது? பிரிட்டன் கதை இருக்கிறதே. 1996-ல் அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகம் ஐம்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப வீடுகளை அன்னிங்டன் என்ற நிறுவனத்துக்குச் சுமார் 166 கோடி பவுண்டுக்கு விற்று, அதே வீடுகளை வாடகைக்கு எடுத்தது. பழுது பார்க்கிற செலவும் அமைச்சகத்தின் தலையிலேயே. 2025 ஜனவரியில் அவற்றில் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் வீடுகளைத் திரும்ப வாங்க சுமார் 600 கோடி பவுண்டு. அமெரிக்காவிலும் 1996 முதல் ராணுவக் குடும்ப வீடுகள் தனியார் கைக்குப் போயின. பூஞ்சை, ஈயப் பெயின்ட் என்று புகார்கள் குவிந்து, 2019-ல் குடியிருப்போர் உரிமைகளுக்குச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தன் மனையிலேயே தான் குடிக்கூலி கொடுக்கிற ஏற்பாடு எனக்கு ஜீரணமாகவில்லை. இந்த வழியை ஓரமாக வைத்துவிடுகிறேன்.

என் தீர்ப்பு

துறையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். நூறு வீட்டுக்கு மேல், ஒரே மாதிரி, காலி மனை என்றால் இ.பி.சி.தான், அலுமினிய ஷட்டரிங்கோ முன்வார்ப்போ சேர்த்து. ஆனால் டெண்டருக்கு முன்பே ஒரு மாதிரி வீட்டைக் கட்டிக் காட்டி, யூனிட்டின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். காகிதத்தில் கிச்சன் எந்தத் திசை என்று பல பேருக்குப் புரியாது, உள்ளே நின்று பார்த்தால் புரியும்.

பழைய குவார்ட்டர்ஸ் பழுது, ஒழுகல், வயரிங் மாற்றுவது இதற்கெல்லாம் இ.பி.சி. வேண்டவே வேண்டாம். சுவரைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தெரியாத வேலைக்கு மொத்த விலை கேட்டால் கான்ட்ராக்டர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவான். செய்த வேலையை அளந்து பணம் கொடுப்பதுதான் அங்கே நியாயம். விமானக் கொட்டகை, ஆய்வுக்கூடம் போன்ற தனிரகங்களில் வடிவமைப்பு துறையின் கையில் இருக்கட்டும், ஆனால் கட்டப்போகிறவரை வரையும்போதே கூப்பிட்டு உட்கார வைக்கலாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் சில வேலைகளில் இப்படிச் செய்கிறார்கள். நம் ஊரில் இதற்குத் தடையாக நிற்பது குறைந்த விலைப் பழக்கம். விலை தெரியாமல் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தணிக்கை கேட்கும். 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம், தரம் முக்கியமான வேலைகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. அந்தக் கதவுக்குள் நுழைய அதிகாரிகளுக்குத்தான் தயக்கம். குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்ததற்காக யாருக்கும் விளக்கக் கடிதம் வருவதில்லையே.

அதே உத்தரவில் இன்னொரு நல்ல வரி உண்டு. வேலை நடக்கும்போதே போடுகிற ஓடும் பில்லில் முக்கால் பங்கை, பில் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தர வேண்டும், மிச்சத்தை 28 வேலை நாளுக்குள். எங்களுக்கு எந்தப் புதுத் தொழில்நுட்பத்தையும்விட இது பெரிசு. ஆனால் இது துறையிடம் நேரடியாக வேலை எடுத்தவருக்கு. பெரிய கம்பெனிக்குக் கீழே நிற்பவருக்கு அந்தப் பத்து நாள், ‘மேலிருந்து வந்தால் தருகிறோம்’ ஆகிவிடும்.

இங்கேதான் எங்கள் கணக்கு துறையின் கணக்கிலிருந்து பிரிகிறது. குவார்ட்டர்ஸுக்கு இ.பி.சி. நல்லது, எங்களுக்கு அந்தக் கூட்டு நல்லதில்லை. வடிவமைப்புப் பொறுப்பை ஏற்கிற பலமும் காப்பீடும் எங்களிடம் இல்லை. அதனால் அக்கா மகனிடம் கூட்டாளியாகப் போகாதே என்றேன். பிளம்பிங்கும் முடிப்பு வேலையும் மட்டும் துணை ஒப்பந்தமாக எடு, டிசைன் மேஜையில் உட்கார ஒரு நாற்காலியும் கேள், குழாய் எங்கே போகிறது என்று வரையும்போதே பார்க்கலாம். பழுது பார்க்கிற வேலைகளை விட்டுவிடாதே, வீட்டில் உலை கொதிப்பது அதில்தான்.

அவன் முகம் வாடிவிட்டது. இருபத்தெட்டு வயது, பி.ஐ.எம். படித்திருக்கிறான், பெயர்ப் பலகையில் கூட்டு நிறுவனம் என்று போட ஆசை. அப்பாவிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன் என்றான். எப்படியானாலும் வியாழக்கிழமை டெண்டர் விளக்கக் கூட்டத்துக்கு அந்தக் கம்பெனியோடு போகிறான். கேட்க மூன்று கேள்விகளைப் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். தேவைப் பட்டியலில் யூனிட் சார்பில் கையெழுத்துப் போட்டது யார், அவர் மாறினாலும் அது செல்லுமா? வடிவமைப்பு ஒப்புதலுக்கு எத்தனை நாள், தாண்டினால் நம் கெடு தானாக நீளுமா? மண் பரிசோதனை அறிக்கை தவறானால் அஸ்திவாரச் செலவு யாருடையது?

சீட்டை மடிக்கும் முன் அவனே பென்சிலை வாங்கி நான்காவதாக ஒன்று எழுதிக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். ‘பாரபெட், உள்பக்கம்.’